கார் விளம்பரத்தில் இறந்துபோன பாடகர்

நடந்தவற்றை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன். வேலையிலும் அப்படித்தான் செய்வேன். எங்கே பிழைத்தது என்று பிறகு தேடுவதற்கு ஒரு வரிசை வேண்டும்.

1. பாரிசின் புறநகர் செவ்ரானில் கார் விற்கும் தமிழர் ஒருவர், தன் கடை விளம்பரத்தில் ஒரு பழைய பாடகர் வரவேண்டும் என்று விரும்பினார்.
2. பாடகர் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார். இன்றைய குரலில்தான் பாடுவேன், பழைய ஒலிநாடாவைப் போடக்கூடாது.
3. நான் சரி என்றேன். ஒலிப்பதிவும் படத்தொகுப்பும் என் பொறுப்பு.
4. அவர் பதினொரு தடவை பாடினார். ஒன்பதாவது நன்றாக இருந்தது.
5. கார்க்கடைக்காரருக்கு அது பிடிக்கவில்லை. முதல் எட்டு விநாடிகளுக்கு மட்டும் பழைய குரலை வைத்தேன்.
6. அதைப் பாடகரிடம் சொல்லவில்லை.
7. ஒரு வெள்ளிக்கிழமை காலை விளம்பரம் வெளியானது. பத்தரை மணிக்குள் பாடகர் இறந்துவிட்டார் என்ற செய்தி பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பல் முழுவதும் பரவிவிட்டது.
8. அவர் இறக்கவில்லை.

நான் ஒலிப்பொறியியல் படித்தவள். வாரநாட்களில் வெளிநாட்டுத் தொடர்களுக்குப் பிரெஞ்சுக் குரல் சேர்க்கும் ஓர் ஒலிப்பதிவுக்கூடத்தில் வேலை. சனி, ஞாயிறுகளில் ரூ லூயி-பிளாங் தெருவில் ஒரு பயண முகவர் கடைக்கு மேலே இருக்கும் சின்ன அறையில் தமிழ் வேலைகள் செய்வேன். சாமத்தியவீடு எனும் பூப்புவிழா வீடியோ, அரங்கேற்ற வீடியோ, நகைக்கடை விளம்பரம் என்று வரும். அந்த அறைக்குத்தான் கார்க்கடைக்காரர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். படியேறிய மூச்சு அடங்கும் முன்பே பேசத் தொடங்கிவிட்டார்.

"தங்கச்சி, மெத்ரோவுக்குள்ள ஒட்டியிருக்கிற பெரிய படத்தைப் பாத்தனீரோ? கிழட்டுப் பாட்டுக்காரன், கறுப்புக் கண்ணாடி, கரண்டில ஓடுற கார்."

பார்த்திருந்தேன். தலை முழுதும் நரைத்த ஒரு பிரெஞ்சுப் பாடகர், திறந்த கார்க்கதவில் கை வைத்து நிற்பார். வருடத்துக்கு ஒருவராவது அப்படி வருவார். தொலைக்காட்சியிலும் அதே கதைதான். அந்த மாதிரி விளம்பரம் ஒன்றில் நானே வேலை செய்திருக்கிறேன். அவற்றில் பாடகர் பாடுவதில்லை. ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து கண்ணாடி வழியே வெளியே பார்ப்பார். பாட்டு நாற்பது வருடப் பழைய இசைத்தட்டிலிருந்து வரும். அந்தப் பாட்டு வந்தபோது பதினைந்து வயதாக இருந்தவர்களுக்கு இப்போதுதான் புதுக்கார் வாங்கும் வசதி வந்திருக்கிறது. கணக்கு அவ்வளவுதான்.

"வெள்ளைக்காரன் செய்யிறான். நாங்கள் செய்தா என்ன?" என்றார் அவர். "எங்கட ஆள் ஒருத்தர் இஞ்சைதான் இருக்கிறார். அந்தக் கடைசி பஸ் பாட்டு."

எனக்குத் தெரியும். எங்கள் வீட்டிலும் அந்த ஒலிநாடா இருந்தது. கடைசி பஸ்ஸும் போன பிறகு தரிப்பிடத்தில் நிற்கும் ஒரு பெண்ணிடம், ஏன் நின்றாய் என்று கேட்கும் பாட்டு. எழுபதுகளில் யாழ்ப்பாணத்து மெல்லிசை மேடைகளில் அது ஒலிக்காத திருவிழா இல்லை என்று அம்மா சொல்வார்.

"பஸ்ஸை விட்டவளுக்கு என்ன வேணும்? கார்தானே!" அவர் தன் தொடையில் தட்டிச் சிரித்தார். நல்ல யோசனைதான். நானும் சிரித்தேன்.

பாடகர் பியர்ஃபித் புறநகரில் ஐந்தாம் மாடியில் மனைவியோடு இருந்தார். எழுபத்தாறு வயது. பாரிசுக்கு வந்து உணவகங்களில் கோப்பை கழுவி, பிறகு சமைத்து, பிறகு ஓய்வு பெற்றவர். வெள்ளிக்கிழமைகளில் லாச்சப்பல் பிள்ளையார் கோயிலில் பூசை முடிந்ததும் ஒரு தேவாரம் பாடுவார். நான் கேட்டிருக்கிறேன். குரல் கரகரத்திருக்கும், சுருதி விலகாது. கூட்டம் அந்நேரம் பிரசாதத்துக்கு வரிசையில் நிற்கும்.

நாங்கள் போன அன்று அவர் கழுத்துப்பட்டி கட்டி, தலைமுடிக்குப் புதிதாக மை பூசியிருந்தார். காதோரத் தோலிலும் கொஞ்சம் கறுப்பு ஒட்டியிருந்தது. கார்க்கடைக்காரர் குனிந்து வணங்கினார்.

"இவருக்குக் கார் ஓடத் தெரியாது, தம்பி," என்றார் மனைவி, தேநீரை வைத்துக்கொண்டே. "வந்த நாளில இருந்து பஸ்தான்."

"ஐயா ஓட வேண்டாம், அக்கா. பக்கத்தில நிண்டா காணும்."

"நிக்கவும் கன நேரம் ஏலாது. முழங்கால்."

"பொறும் நீர்," என்றார் பாடகர் மனைவியிடம். பிறகு எங்களைப் பார்த்தார். "நான் பாடுறதோ, நிக்கிறதோ?"

கார்க்கடைக்காரர், பாட்டு ஒலிநாடாவில் இருக்கிறது, ஐயா சிரித்துக்கொண்டு நின்றால் போதும் என்றார். பாடகர் தேநீரை ஒரு மிடறு குடித்துவிட்டுச் சொன்னார்.

"அந்த நாடாவில பாடுறவனுக்கு இருபத்தாறு வயசு. அவன் உங்கட காரை விக்கவேணுமெண்டா அவனைக் கூப்பிடுங்கோ. நான் வரவேணுமெண்டா நான்தான் பாடுவன்."

"ஐயா, சனத்துக்குப் பழக்கமான குரல்..."

"தம்பி, இஞ்சை வந்த புதுசில என்னை மேடையில ஏத்தினவை. நாலு கட்டையில கரோக்கி போடுவினம். நான் ரெண்டு கட்டைக்கு இறக்கித் தாங்கோ எண்டு கேப்பன். ஒருத்தரும் இறக்கித் தரேல்லை. எட்டாது. விட்டிட்டன்." கோப்பையை மெதுவாகத் தட்டில் வைத்தார். "எனக்கு இப்பவும் ஒரு குரல் இருக்கு. அதை ஒருத்தரும் மைக்கில பிடிக்கேல்லை. ஒருக்காலாவது பிடிச்சு வைக்கவேணும்."

"நான் பிடிக்கிறன், ஐயா," என்றேன். "ரெண்டு கட்டையில வைச்சுத் தாறன். பழைய நாடா போட மாட்டன்."

அவர் அப்போதுதான் என்னை ஒழுங்காகப் பார்த்தார். "நீரோ மைக் வைக்கிறது? பொம்பிளைப் பிள்ளை மைக் வைச்சு நான் பாடினதில்லை. சரி. இருக்கிற குரலுக்கு இருக்கிற ஆள்."

"நல்லா வாய் காட்டுங்கோ," என்றார் மனைவி. "அந்தப் பிள்ளை உங்கட கட்டுப்பல்லுச் சத்தத்தையும் சேத்துப் பிடிக்கப்போகுது."

அது உண்மையாகிவிட்டது. பதிவின்போது 'ச' வரும் இடங்களில் அவருடைய கட்டுப்பல் மெல்லியதாக விசில் அடித்தது. பின்னணி இசையை இரண்டு கட்டைக்கு இறக்கி நானே புதிதாக அமைத்திருந்தேன். சுருதியைத் திருத்தும் மென்பொருளைத் திறக்கவில்லை. அவர் முதல் தடவை பாடும்போது இருபத்தாறு வயதுக்காரனைப் பிடிக்க ஓடினார். குரல் நடுவில் உடைந்தது. இரண்டாவதும் அப்படியே. ஐந்தாவதில் கோபம் வந்தது. ஏழாவதுக்குப் பிறகு சீனி போடாத தேநீர் குடித்தார், ஜன்னலால் தெருவைப் பார்த்தார்.

பழைய நாடாவில் கடைசி வரியின் முடிவில் நீண்ட ஒரு சங்கதி உண்டு. மேடைகளில் அந்த இடத்தில்தான் கைதட்டு விழுமாம். ஒன்பதாவது தடவை அவர் அந்தச் சங்கதியைப் பாடவில்லை. அங்கே மூச்சு எடுத்துக்கொண்டு, கடைசிச் சொல்லைப் பேசுவதுபோலச் சொல்லி நிறுத்தினார். ஏன் நின்றாய். எனக்கு அந்தப் பாட்டு சிறுவயதிலிருந்தே மனப்பாடம். அவர் ஒருத்தியிடம் உண்மையிலேயே கேட்கிறார் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒலியளவு மீட்டரைப் பார்க்க மறந்துவிட்டேன்.

"இன்னொருக்கா," என்றார். பத்தாவதும் பதினோராவதும் பாடினார். பிறகு அவரே, "ஒன்பது," என்றார். நானும் தாளில் ஒன்பதைத்தான் வட்டமிட்டிருந்தேன்.

படப்பிடிப்பு செவ்ரானில் கார்க்கடையின் முற்றத்தில் அரைநாளில் முடிந்தது. வாரக்கடைசியில் முழுவதையும் தொகுத்துக் கார்க்கடைக்காரருக்குப் போட்டுக் காட்டினேன். அவர் இரண்டு தடவை கேட்டார்.

"தங்கச்சி, குறை நினையாதையும். ஐயாவில எனக்கு மரியாதை இருக்கு. ஆனா இதைக் கேட்டா சனம் கார் வாங்காது. மருந்து வாங்கும்."

"அவர் அப்பிடித்தான் கேட்டவர், அண்ணை. நீங்களும் இருந்தனீங்கள்."

"இருந்தனான். ஓமெண்டு நான் சொல்லேல்லை, நீர் சொன்னனீர்."

அது சரிதான். நாங்கள் ஒரு மணிநேரம் பேசினோம். என்னிடம் மூன்று வழிகள் இருந்தன. வேலையை விடுவது. பாடகரிடம் திரும்பிப் போய்க் கேட்பது. இரண்டு பேருக்கும் பாதிப் பாதி கொடுப்பது. மூன்றாவதைத் தேர்ந்தேன், ஏனென்றால் அதை அந்த அறையை விட்டு வெளியே போகாமலே செய்யலாம். விளம்பரம் முப்பது விநாடி. முதல் எட்டு விநாடிகளுக்குப் பழைய நாடா, பிறகு இருபத்திரண்டு விநாடிகள் இன்றைய குரல். முக்கால் பங்கு அவருடையது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்த எட்டு விநாடிகளை நான் மிகக் கவனமாகச் செய்தேன். பாடகரின் இளவயதுக் கறுப்பு-வெள்ளைப் படம். படம் மெதுவாக நம்மை நோக்கி வரும். கீழே வெள்ளை எழுத்தில் பெயர், அதற்குக் கீழே ஊர். வலப்பக்க மூலையில் மஞ்சளாக, மங்கலாக ஒரு சிறு ஒளி நடுங்கிக்கொண்டிருக்கும். ஒன்பதாவது விநாடியில் அந்த ஒளி பெரிதாகிக் காரின் முன்விளக்காகும், எஞ்சின் உறுமும், திரை வண்ணமாகும், இன்றைய பாடகர் கார்க்கதவில் கை வைத்துப் பாடுவார். எனக்கு அந்த ஒளியில் கொஞ்சம் பெருமை இருந்தது.

பாடகருக்குத் தொலைபேசியில் சொன்னேன். "ஐயா, முதல்ல உங்கட பழைய படம் ஒண்டு வரும்."

"எந்தப் படம்?"

"சுருள்முடியோட இருக்கிறது."

"வரட்டும்," என்று சிரித்தார். "முடியெண்டாலும் திரும்பி வரட்டும்."

படத்தோடு என்ன ஒலிக்கும் என்று அவர் கேட்கவில்லை. நான் சொல்லவுமில்லை. அழைப்பைத் துண்டித்த பிறகும் கைப்பேசியைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தேன். திரும்ப எடுத்துச் சொல்லியிருக்கலாம். பிறகு வேறு வேலையைத் தொடங்கினேன்.

வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்குக் கார்க்கடையின் இணையப் பக்கத்தில் விளம்பரத்தை ஏற்றிவிட்டு வேலைக்குப் போனேன். பத்தரைக்கு அம்மா கைப்பேசியில் எடுத்தார். வேலை நேரத்தில் எடுக்கமாட்டார்.

"பிள்ளை, கேள்விப்பட்டனியே? அந்தப் பாடகர் ஐயா மோசம் போயிட்டாராம்." அழுகிற குரல். "போன கிழமைதானே நீ அவரைக் கண்டனி?"

"ஆர் சொன்னது?"

"போனில வந்திருக்கு. எல்லாரும் அனுப்பியினம். கறுப்பு-வெள்ளைப் படம், பேர், ஊர், விளக்கு எல்லாம் போட்டு."

"விளக்கோ?"

"ஓம். மூலையில எரியுது."

ஒலிப்பதிவுக்கூடத்தின் நடைபாதைக்கு வந்து, என் கைப்பேசியில் என் விளம்பரத்தைச் சத்தமில்லாமல் பார்த்தேன். அதுவரை ஒருமுறைகூட நான் அதைச் சத்தமில்லாமல் பார்த்திருக்கவில்லை. என் மேசையில் எப்போதும் ஒலி இருக்கும். ஒலியோடு பார்த்தால் அது ஒரு பழைய காதல் பாட்டு, தபேலாவும் கிற்றாருமாக. ஒலியில்லாமல் பார்த்தால் மரண அறிவித்தல்.

எங்கள் ஆட்களில் யாருக்கும் இதை விளக்கத் தேவையில்லை. லாச்சப்பல் கடைக் கண்ணாடிகளிலும், தமிழ்த் தொலைக்காட்சியின் மாலை நேரத்திலும், ஒவ்வொரு அம்மாவின் கைப்பேசியிலும் நாள்தோறும் வருவது அது. கொஞ்சம் இளமையான படம், பெயர், பிறந்த ஊர், ஓரத்தில் ஒரு தீபம். கனடாவில் ஒருவர் இறந்தால் சுவிஸில் இருப்பவருக்கு அப்படித்தான் தெரியும். அந்த அறிவித்தல்களைப் பார்த்து வளர்ந்தவள் நான். மூன்று நாட்கள் இருந்து அதில் ஒன்றைச் செய்துவிட்டு, கார் விளம்பரம் என்று நினைத்திருக்கிறேன். அம்மாவிடம் ஒருமுறை காட்டியிருந்தால் முதல் விநாடியிலேயே சொல்லியிருப்பார்.

அறிவித்தலை யாரும் முடிவு வரை பார்ப்பதில்லை. படமும் பெயரும் தெரிந்ததும் அடுத்தவருக்கு அனுப்புவார்கள். சிலர் முதற்பகுதியை மட்டும் வெட்டி, ஆழ்ந்த இரங்கல் என்று எழுதி அனுப்பியிருந்தார்கள்.

கார்க்கடைக்காரரை அழைத்தேன். "தங்கச்சி, போன் நிக்கேல்லை!" என்றார். குரலில் பதற்றமும் சந்தோசமும் கலந்திருந்தன. விளம்பரத்தை உடனே இணையத்திலிருந்து இறக்கச் சொன்னேன். இறக்கினார். ஏற்கெனவே கைமாறிய பிரதிகளை இறக்க வழியில்லை. பாடகரின் இலக்கம் ஓயாமல் பேச்சில் இருந்தது. அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு பியர்ஃபித்துக்கு ரயிலேறினேன்.

கதவு திறந்தே இருந்தது. வாசலில் சப்பாத்துகள். மனைவி என்னைக் கண்டதும், "வா பிள்ளை," என்றார். "செத்தவர் உள்ளுக்கை இருந்து தேத்தண்ணி குடிக்கிறார்."

உள்ளே வெள்ளைச் சேலை உடுத்த ஒரு பெண்ணும் அவர் கணவரும் இருந்தார்கள். செத்தவீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள் என்பதால், வழக்கப்படி இடியப்பமும் சொதியும் கொண்டுவந்திருந்தார்கள். மணியடித்ததும் கதவைத் திறந்தவர் பாடகர். அந்தப் பெண் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுப் பிரெஞ்சுக்காரி வெளியே வந்துவிட்டாராம். இப்போது பாடகர் அந்த இடியப்பத்தைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"நல்ல சொதி," என்றார் என்னிடம். "உமக்கும் போடச் சொல்லும். நான் செத்தது உம்மாலதானே."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சுவரோரமாக அமர்ந்தேன். அவர் அன்று தொடக்கத்தில் ஒரு மணிநேரம் அந்தப் பகிடியை உண்மையாகவே ரசித்தார். அதைச் சொல்லவேண்டும், ஏனென்றால் பிறகு அது நின்றுபோனது.

கைப்பேசி அடித்தது. காது மந்தம் என்பதால் அவர் எப்போதும் ஒலிபெருக்கியில்தான் பேசுவார்.

"ஹலோ, செத்தவீடோ?"

பாடகர் எங்களைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினார். "ஓம்."

"சுவிஸில இருந்து கதைக்கிறன். எப்ப எடுக்கினம்?"

"இன்னும் முடிவெடுக்கேல்லை."

"விசர்க்கதை கதையாதேங்கோ," என்றார் மனைவி சமையலறையிலிருந்து.

"நீங்கள் ஆர், தம்பியாரோ?"

"ஓம். தம்பிதான்."

"உங்களை எனக்குத் தெரியாது. அண்ணையைத் தெரியும். எங்கட கோயில் திருவிழாவில அந்தப் பாட்டை மூண்டு தரம் பாடினவர். சனம் விடேல்லை. என்ன குரல்!" அந்த மனிதர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "குறை நினையாதேங்கோ. கூடப்பிறந்தவர் எண்டுறியள், உங்கட குரல்ல அதின்ர ஒரு சாடைகூட இல்லை."

பாடகர் இடியப்பக் கையைத் தட்டின் மேலே அப்படியே வைத்திருந்தார்.

"இல்லை," என்றார். "எனக்கு வரேல்லை."

"இஞ்சை வந்தாப் பிறகு அவர் பாடினவரோ?"

"பாடினவர். ஆரும் கேக்கேல்லை."

"அப்பிடியோ. பாவம். எடுக்கிற நாளைச் சொல்லுங்கோ, நான் கட்டாயம் வருவன்."

"சொல்லுறன்."

அவர் எழுந்துபோய்க் கையைக் கழுவினார். அதற்குப் பிறகு வந்த அழைப்புகளில் அவர் பகிடி விடவில்லை. நான்தான் கதைக்கிறன், உயிரோடு இருக்கிறன் என்றுதான் சொன்னார். இரண்டு பேர் நம்பவில்லை. ஒருவர், செத்தவீட்டில் இப்படியா பகிடி விடுவது என்று திட்டிவிட்டு வைத்தார். மூன்றாவது ஆளுக்கு மனைவி கைப்பேசியை வாங்கி, "ஓம், அவர்தான்," என்று சாட்சி சொல்லவேண்டி இருந்தது.

இடியப்பத்தோடு வந்தவர்கள் போன பிறகு பாடகர் என்னிடம் கையை நீட்டினார். "உம்மட போனைத் தாரும். சத்தத்தோட போடும்."

போட்டேன். முதல் சொல் வந்ததும் அவர் தலையைத் தூக்கினார்.

"பழைய நாடா."

"ஓம், ஐயா."

"எவ்வளவு?"

"எட்டு செக்கன்."

முழுவதையும் பார்த்தார். ஒன்பதாவது விநாடிக்குப் பிறகு அவருடைய குரல் வந்தது. கடைசிச் சொல்லை அவர் பேசிய இடத்தில் மனைவி சமையலறை வாசலுக்கு வந்து நின்றார். பாடகர் இன்னொரு தடவை போடச் சொன்னார்.

"இது நல்லா வந்திருக்கு," என்றார். பிறகு, "இதை எத்தினை பேர் கேட்டிருப்பினம்?"

பார்த்தவர்கள் எந்த விநாடியில் விலகினார்கள் என்பதைக் காட்டும் வரைபடம் எங்களுக்கு உண்டு. வரும் வழியிலேயே பார்த்திருந்தேன். கோடு எட்டாவது விநாடிக்கு முன்பே நிலத்துக்கு விழுந்துவிட்டது. பொய் சொல்லலாமா என்று யோசித்தேன். ஒருமுறை மறைத்ததே போதும்.

"கனபேர் கேக்கேல்லை, ஐயா. அதுக்கு முதலே விட்டிட்டுப் போயிட்டினம்."

அவர் தலையாட்டினார். "நீர் எனக்குச் சொல்லியிருக்கலாம்."

"ஓம்."

"சொல்லியிருந்தா சண்டை பிடிச்சிருப்பன். பேந்து ஓமெண்டும் சொல்லியிருப்பன். நீர் கேக்கேல்லை."

மன்னிப்புக் கேட்டேன். "சரி, சரி," என்றார், ஒரு குழந்தை பாத்திரத்தை உடைத்ததற்குச் சொல்வதுபோல. அந்தச் சொல் என்னை விடுவிக்கவில்லை. அவர் வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை கார்க்கடைக்காரர் புதிய விளம்பரம் செய்தார். பழைய நாடாவே முப்பது விநாடிக்கும் ஓடும். பாடகர் காரருகே கையசைப்பார், மேலே "ஐயா நலமாக இருக்கிறார்" என்று எழுத்து வரும். நான் செய்ய மறுத்தேன். வேறொருவர் ஒரு மாலையில் செய்து கொடுத்தார். பாடகரிடம் கார்க்கடைக்காரர் முறையாக அனுமதி கேட்டார், நான் கேட்காததை. "ஓடட்டும்," என்று பாடகர் சொல்லியிருக்கிறார். நான் தொலைபேசியில் ஏன் என்று கேட்டபோது, "சனம் அவனைத்தானே கேக்குது, பிள்ளை," என்றார்.

அந்த விளம்பரம் நன்றாக ஓடியது. வதந்தியும் சேர்ந்து அதை ஓட்டியது. பிறகுதான் நான் எதிர்பாராதது நடந்தது. லாச்சப்பலில் ஆட்கள் அவரை அடையாளம் கண்டு நிறுத்தத் தொடங்கினார்கள். ஒரு சனிக்கிழமை மரக்கறிக் கடை வாசலில் நானே பார்த்தேன். இரண்டு பேர் அவரோடு படம் எடுத்தார்கள்.

"ஐயா, நூறு வயசு உங்களுக்கு! குரல் அப்பிடியே இருக்கு, ஒரு மாற்றமும் இல்லை!"

அவர் சிரித்துத் தலையாட்டினார். நன்றி என்றுகூடச் சொல்லவில்லை. பைகளைத் தூக்கிக்கொண்டு நின்ற மனைவிதான், "சந்தோசம், சந்தோசம்," என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை நான் கோயிலுக்குப் போனேன். பூசை முடிந்து குருக்கள் வழக்கம்போல அவரைப் பார்த்துக் கையைக் காட்டினார். அன்று பிரசாத வரிசையில் யாரும் நிற்கவில்லை. எல்லோரும் அவர் பக்கம் திரும்பியிருந்தார்கள். ஏழெட்டுக் கைப்பேசிகள் உயர்ந்தன. அவர் பாடவேண்டும் என்று கேட்டு அத்தனை பேர் நின்றதை நான் அங்கே பார்த்ததில்லை. அவர் வாய் திறந்தார், மூச்சு எடுத்தார். பிறகு தொண்டையைத் தொட்டுக் காட்டி, தடிமன் பிடித்திருக்கிறது என்பதுபோலக் கையசைத்துவிட்டுப் பின்னால் போனார். குருக்கள் தானே இரண்டு வரி பாடி முடித்தார்.

அதற்கடுத்த வெள்ளியும் தடிமன். பிறகு குருக்கள் கையைக் காட்டுவதை நிறுத்திவிட்டார்.

மனைவி ஒருநாள் என்னை அழைத்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "வீட்டிலயும் முணுமுணுக்கிறதில்லை, பிள்ளை," என்றார். "முந்தி தாடி வழிக்கேக்கை ஏதாவது பாடுவார். நான் வாயை மூடுங்கோ எண்டுவன். இப்ப சொல்ல ஒண்டுமில்லை." நான் போய்ப் பேசட்டுமா என்று கேட்டேன். "என்னத்தைப் பேசப்போறாய்? நீ நல்லாத்தான் பிடிச்சனி. அது அவருக்கும் தெரியும்," என்றார்.

ஒன்பதாவது பதிவை, முன்னும் பின்னும் எதுவும் சேர்க்காமல், தனியாக அவருக்கு அனுப்பினேன். இதை மட்டும் வெளியிடலாமா, பெயரோடு, இன்றைய வயதோடு, என்று எழுதிக் கேட்டேன். இந்த முறை கேட்டுத்தான் செய்வேன் என்றும் எழுதினேன்.

இப்போதைய நிலை இது. விளம்பரம் தமிழ்த் தொலைக்காட்சியில் மாலைச் செய்திக்கு முன்பு தினமும் ஓடுகிறது. பாடகர் சுகமாக இருக்கிறார், வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்கு வருகிறார், பாடுவதில்லை. நான் அனுப்பியதை அவர் திறந்து பார்த்திருக்கிறார். பதில் எழுதவில்லை. நான் அதை வெளியிடவில்லை.